செவல்குளத்துக் கூப்பன்காரர்கள்

கார்த்திகை மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மதுரை பஸ் செவல்குளத்துக்குள் வந்து நின்றபோது, ஆசிரியர் குடியிருப்பு மூன்றாம் தெரு, கதவு எண் பதினேழில் வசிக்கும் கோமதிநாயகம் அதிலிருந்து இறங்கினார். அதே நேரத்தில் அதே கோமதிநாயகம் பஸ் ஸ்டாண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். டீ ஆற்றியது நான். இறங்கியவர் நேராக என்னிடம் வந்து நின்று, கோமதிநாயகம், வயது நாற்பத்தெட்டு என்று ஆரம்பித்து, கதவு எண், தெரு, பின்கோடு, கைபேசி எண்ணின் பத்து இலக்கம், என் கல்யாண நாள், என் மகள் பிறந்த நாள், பிடித்த நிறம் நீலம், வீட்டில் அடுத்த விசேஷம் தை மாதம் வளைகாப்பு என்பதுவரை மூச்சு விடாமல் ஒப்பித்து முடித்தார். எனக்கு வயது ஐம்பத்தாறு. ஆடித் தள்ளுபடியில் மங்களம் ஜவுளி மாளிகையின் பரிசுக் கூப்பனை நிரப்பும்போது நாற்பத்தெட்டு என்று போட்டிருந்தேன், அதனால் வந்தவருக்குத் தலை நிறைய முடி இருந்தது. அவருக்கும் ஒரு டீ சொன்னேன். டீ பிடிக்குமா என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை, ஏனென்றால் கூப்பனில் அந்தக் கேள்வி இல்லை.

அன்றும் மறுநாளும் அதற்கு மறுநாளும் வடக்கேயிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸும் எங்கள் ஊர்க்காரர்களாலேயே நிரம்பி வந்தது. எங்கே இறங்கணும் என்று கண்டக்டர் கேட்டால் பின்கோடோடு சேர்த்து முழு முகவரியும் சொன்னார்கள் என்றும், முப்பது வருஷ சர்வீஸில் இவ்வளவு தெளிவான பயணிகளைப் பார்த்ததில்லை என்றும் அந்தக் கண்டக்டர் பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மொத்தம் நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு பேர். சரியாக அவரவர் வீட்டு வாசலில் போய் நின்று, அவரவர் பெயரைச் சொல்லி, உள்ளே வரச் சொன்னால் வந்து, உட்காரச் சொன்னால் உட்கார்ந்தார்கள். ஊர் அவர்களுக்குக் கூப்பன்காரர்கள் என்று பெயர் வைத்தது.

எங்கள் ஊர் எதற்கும் நாலு நாளுக்கு மேல் ஆச்சரியப்படாது. ஐந்தாம் நாளே கூப்பன்காரர்களை ரேஷன் கடை வரிசையில் நிறுத்திவிட்டு அசல்காரர்கள் வீட்டில் படுத்தார்கள். பிடிக்காத சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பன்காரரை அனுப்பினார்கள். அவர் போய்ப் பெயரும் முகவரியும் சொல்லி, சாப்பிட்டுவிட்டு வம்பு பேசாமல் திரும்பி வந்ததால் பல குடும்பங்களில் பழைய பகை தீர்ந்தது. கல்யாண நாளை ஒவ்வொரு வருஷமும் மறந்துவிட்டு முழிக்கிற கணவன்மார்கள் தங்கள் கூப்பன்காரரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அவர்களுக்கு எதைச் சொல்லிக்கொடுத்தாலும் அன்று முழுக்கத் தெரியும், மறுநாள் காலையில் கூப்பனில் உள்ளது மட்டும்தான் மிஞ்சும். என்னுடையவருக்கு நான் தினமும் டீயை அறிமுகப்படுத்தினேன், அவர் தினமும் முதல் முறை குடிக்கிறவராக முகம் மலர்ந்தார். என் மனைவி சண்பகம் அவரைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்ப்பாள், அதைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை.

இவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைக் கண்டுபிடித்தது தமயந்தி. மங்களம் ஜவுளி மாளிகையில் கம்ப்யூட்டரில் உட்காருகிறவள் அவள் ஒருத்திதான், எனக்கு எதிர்வீடு. ஆடி மாதம் முதல் பரிசு ஸ்கூட்டர் என்று கடை முதலாளி பொன்னுத்துரை அண்ணாச்சி அறிவித்ததும், ஊரே முண்டியடித்துக் கூப்பன் நிரப்பி நீல டிரம்முக்குள் போட்டது. கூப்பனில் கேட்ட எல்லாவற்றையும் எழுதினோம். கீழே எறும்பு அளவில் ஏதோ இரண்டு வரி இருந்தது, அதை யாரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை. அந்த நாலாயிரத்துச் சொச்சம் கூப்பனையும் ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டரில் ஏற்றியவள் தமயந்தி என்பதால், பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்கள் கூப்பன் எண் வரிசையிலேயே இறங்குகிறார்கள் என்பது அவளுக்குத்தான் புரிந்தது. அவள் ஓடிப்போய்ச் சொன்னாள், அண்ணாச்சி இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார், இன்ஸ்பெக்டர் கம்ப்யூட்டர் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்தார், அவர் அரைமணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, யாரோ ஹேக்கர்கள் ஊர் முழுவதையும் ஒரே பாஸ்வேர்டில் திறந்து அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்.

அந்தப் பாஸ்வேர்டு எப்படி வெளியே போனது என்று விசாரித்தபோதுதான் நாங்கள் எல்லோரும் பஸ் ஸ்டாண்டைத் திரும்பிப் பார்த்தோம். ஆயுத பூஜையன்று கடையின் கத்தரிக்கோல், மீட்டர் கோல், பூட்டு, கல்லாப்பெட்டிச் சாவி எல்லாம் சரஸ்வதி படத்துக்கு முன்னால் சந்தனம் குங்குமத்தோடு வரிசையாக இருக்க, கம்ப்யூட்டரின் சாவி எங்கே என்று அண்ணாச்சி கேட்டிருக்கிறார். அது சாவி இல்லை, ஒரு சொல் என்று தமயந்தி சொல்லியிருக்கிறாள். சொல்லாக இருந்தால் என்ன, அதுவும் தொழில் ஆயுதம்தானே, ஒரு அட்டையில் எழுதி வை என்றிருக்கிறார் அண்ணாச்சி. அவள் எழுதினாள். அட்டைக்கும் பொட்டு வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். அந்தப் போட்டோதான் தீபாவளி வாழ்த்தோடு பன்னிரண்டு அடி ஃபிளெக்ஸாக பஸ் ஸ்டாண்டில் நாற்பது நாள் தொங்கியது. அதன் நிழலில் நின்று நான் தினமும் பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்கிறேன், அந்த எழுத்தையும் எண்ணையும் வாய்விட்டுக்கூடப் படித்திருக்கிறேன், ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பூஜை முடிந்த மறுநாளே மாற்றிவிடலாம் என்று தமயந்தி இரண்டு தடவை கேட்டதற்கு, எண் கணிதம் பார்த்து வைத்த சொல், கூட்டுத்தொகை ஐந்து, தை பிறக்காமல் தொடக்கூடாது என்று அண்ணாச்சி சொல்லிவிட்டார்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் எங்களுக்குக் கோபம் வரவில்லை. ரேஷன் வரிசை சுகமாகத்தானே இருந்தது. ஒரு வெள்ளைக் கார் வந்து மணிக்கூண்டு பக்கத்தில் நின்ற பிறகுதான் கோபம் வந்தது. காரிலிருந்து இறங்கிய இருவர் எதிரே போன கூப்பன்காரர்களை நிறுத்திப் பேச்சுக்கொடுத்தார்கள். கூப்பன்காரர்களுக்குப் பொய் தெரியாது, மறைக்கத் தெரியாது, கேட்டால் சொல்வார்கள், அவ்வளவுதான். பகலெல்லாம் அங்கே நின்று அவர்கள் சொல்லச் சொல்ல அந்த இருவரும் எழுதிக்கொண்டு போனார்கள். மறுநாளிலிருந்து ஊரில் போன் ஓயவில்லை. கல்லூரியில் படிக்கிற எழிலரசிக்கு ஒரே நாளில் நாற்பது அழைப்பு, எல்லாம் முகம் தெரியாத ஆண்கள், எல்லோருக்கும் அவள் பெயரும் தெருவும் பிறந்தநாளும் தெரிந்திருந்தது. அவள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள், கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டாள். என் மகளுக்கு ஒரு ஆள் போன் செய்து, வளைகாப்புக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அன்றைக்கு என் கூப்பன்காரருக்கு நான் டீ வாங்கித் தரவில்லை.

யார் பொறுப்பு, யார் பொறுப்பு என்று ஊர் கொதித்தது. தேரடியிலும் சந்தையிலும் முடிவெட்டும் கடையிலும் அதே பேச்சு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கல்யாண மண்டபத்தில் கூடி முடிவெடுப்பது என்று ஆனது, அசலும் கூப்பனுமாக எல்லோரும் வர வேண்டும் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொன்னார்கள்.

சனிக்கிழமை மாலை தமயந்தி வீட்டில் நானும் சண்பகமும் உட்கார்ந்திருந்தபோது அண்ணாச்சி வந்தார். கையில் ஒரு தாள். உள்ளே நுழைந்தவர் ஊஞ்சலில் இருந்த பெண்ணைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

அவள் மரகதம். தமயந்தியின் அக்கா. ஏழு வருஷத்துக்கு முன்னால் காய்ச்சலில் இருபத்தாறு வயதில் செத்துப்போனவள்; அவளுக்கு அண்ணாச்சியே மாலை போட்டிருக்கிறார். கடை ஊழியர்கள் கூப்பன் போடக்கூடாது என்பது சட்டம். தமயந்தி அக்கா பேரில் போட்டிருந்தாள். வயது என்ற இடத்தில் முதலில் இருபத்தாறு என்று எழுதி, அடித்துவிட்டு, இருந்திருந்தால் என்ன வயதோ அதை, முப்பத்துமூன்று என்று எழுதியிருந்தாள். அதனால் பஸ்ஸிலிருந்து இறங்கிய மரகதம் தான் ஒருநாளும் எட்டாத வயதில் இறங்கினாள், லேசாகச் சதை பிடித்து, அடித்துத் திருத்திய இடம்போல வகிட்டோரம் ஒரே ஒரு நரைக்கீற்றோடு. பிடித்த நிறம் அரக்கு. கல்யாண நாள் காலி. தமயந்தியை அவளுக்குத் தெரியாது. உடன்பிறந்தவர் யார் என்று கூப்பனில் யாரும் கேட்கவில்லையே.

"இது அந்தப் பிள்ளையில்லா?" என்றார் அண்ணாச்சி.

"ஆமா அண்ணாச்சி. நான்தான் போட்டேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். மனிதர் பயந்து போயிருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பா தொடங்கிய கடை, நாற்பது பேர் வேலை செய்கிறார்கள். ஆனால் பயந்தவர் செய்கிற காரியம் நல்ல காரியமாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. தாளை நீட்டினார்.

"என் கவனக்குறைவால் நடந்ததுன்னு நீ சொல்லுத மாதிரி எழுதியிருக்கு. ஒரு கையெழுத்துப் போடு. உன்னைப் போலீசுக்கு விடமாட்டேன், வேற ஊருல வேலைக்குச் சொல்லுதேன். போடலைன்னா நாளைக்கு இந்தப் பிள்ளையைக் காட்டி, செத்தவ பேருல கூப்பன் போட்டவ எதையும் செய்வா, ஊரையே வித்தவ அவதான்னு சொல்ல வேண்டியது வரும். எனக்கு வேற வழி தெரியல."

அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போன பிறகு சண்பகம் தமயந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஏட்டி, கையெழுத்தும் போடாத, ஒண்ணும் போடாத. இவளை விடிஞ்சதும் எங்க மதினி வீட்டுல கொண்டு விட்டுருதேன். ஆளு இல்லன்னா அவரு எதைக் காட்டுவாரு?"

தமயந்தி அக்காவைப் பார்த்தாள். அக்கா மரியாதையாக, முகம் தெரியாதவர்களைப் பார்க்கிற பார்வையில், அவளைப் பார்த்தாள்.

"ரேஷன் கார்டுல அடிச்ச அன்னைக்கிருந்து அவ பேரை நான் எங்கயும் எழுதல மதினி. ஸ்கூட்டருக்கு ஆசைப்பட்டுத்தான் கூப்பனை எடுத்தேன். பேனாவை வச்சதும் அவ பேரு தன்னால வந்துட்டு. அவளை எப்படி ஒளிச்சு வைக்க?"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் ஊர் கொள்ளவில்லை. அசல்காரர்கள் நாற்காலியில், கூப்பன்காரர்கள் சுவரோரம், மாடியில், வாசலில், தெருவில், பஸ் ஸ்டாண்டு வரை வரிசையாக. தமயந்தி அக்காவுக்கு அரக்கு நிறப் புடவை கட்டிவிட்டு, கையைப் பிடித்து நடுவழியாகக் கூட்டிவந்து முதல் வரிசையில் உட்காரவைத்தாள். மண்டபத்தில் ஒரு சத்தம் எழுந்து அடங்கியது. மேடையில் அண்ணாச்சி, கீழே அவருக்கு எதிரே தமயந்தி. யோசித்துப் பார்த்தால், நகல் இல்லாத இருவர்தான் அன்று எதிரெதிரே இருந்தார்கள்: அவள் தன் பெயரில் கூப்பன் போடவில்லை, அவர் தன் கடைக்கே தன் விவரத்தைக் கொடுத்ததில்லை.

பேச்சு ஆரம்பித்தது. திருடன் எந்த நாட்டில் இருக்கிறானோ, பிடிக்க நாளாகும் என்றார் இன்ஸ்பெக்டர். சாஃப்ட்வேர் செய்து கொடுத்த கோயம்புத்தூர்க்காரர் போனில், ஸ்பீக்கர் வழியாக, "நாங்க கதவு செஞ்சு கொடுத்தோம் சார், சாவியை நீங்க பேனர்ல போட்டா நாங்க என்ன பண்ணுறதுங்க?" என்றார். ஃபிளெக்ஸ் அடித்த இஸ்ரவேல் எழுந்து, "எழுத்துப்பிழை பாக்கதுதான் என் வேலை, அதுல பிழை இல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். சண்பகம் விடவில்லை. "சம்பந்தி வீட்டுல கேட்டாக்கூட வயசைச் சொல்லாத ஆளுக, ஸ்கூட்டர்னு சொன்னதும் வீட்டு விசேஷம் முதக்கொண்டு எழுதிக் குடுத்தோமே, நமக்கு அறிவு இருக்கா?" என்றாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பிறகு அண்ணாச்சி மைக்கைப் பிடித்தார். "கம்ப்யூட்டரைத் தொடுதவ ஒருத்திதான். பாஸ்வேர்டை எழுதுன கையும் அவ கைதான். நான் என்ன, கம்ப்யூட்டர் படிச்சவனா? இந்தா, செத்துப்போன அக்கா பேருல திருட்டுக் கூப்பன் போட்டிருக்கா, கண்ணு முன்னால உக்காந்திருக்கு. இவளை நம்பச் சொல்லுதீகளா?"

"போட்டேன்" என்றாள் தமயந்தி. அவளுக்கு மைக் இல்லை, ஆனாலும் கேட்டது. "அது என் தப்பு. இவ என் அக்கா, மரகதம். அவளைக் கேக்காம அவ பேரை எழுதினேன், அதுக்கு என்ன தண்டனைன்னாலும் வாங்கிக்கிடுதேன். திருடினவன் திருடன்தான், அவன் கிடைச்சா கட்டி வைங்க. ஆனா ஊரை வித்தேன்னு மட்டும் சொல்லாதீக. மாத்துவோம் மாத்துவோம்னு ரெண்டு தடவ கேட்டது நான்தானே அண்ணாச்சி?"

"கேட்டியோ கேக்கலையோ, யாரு கண்டா?" என்றார் அண்ணாச்சி, அவள் முகத்தைப் பார்க்காமல்.

மண்டபம் இரண்டாகப் பிளந்து கத்தியது. அவள்தான் என்றார்கள் பாதிப் பேர், அவர்தான் என்றார்கள் மீதிப் பேர், சிலர் இன்ஸ்பெக்டரை நோக்கியும் சிலர் போனை நோக்கியும் கத்தினார்கள். அப்போது எழிலரசியின் அப்பா நாற்காலி மேல் ஏறி நின்றார். சைக்கிள் கடைக்காரர், சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவர். அழுதுகொண்டிருந்தார். "எம்பொண்ணு பன்னெண்டு நாளா வெளிய வரல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். நாங்க குடுத்ததுக்கு யாரு பொறுப்பு? யாராவது ஒருத்தர் சொல்லுங்கய்யா!"

கேட்டால் கூப்பன்காரர்கள் சொல்வார்கள் என்று முன்னாலேயே எழுதியிருக்கிறேன். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

முதலில் எழுந்தது மரகதம். அவளுக்குப் பின்னால் சுவரோரம் இருந்தவர்கள் நிமிர்ந்தார்கள், மாடியில் இருந்தவர்கள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முன்னால் வந்தார்கள், வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள், எனக்குப் பக்கத்தில் என் கூப்பன்காரர் சட்டையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார், பிறகு நாலாயிரத்து முன்னூற்றுப் பன்னிரண்டு வாய்களும் ஒரே மூச்சில், நாங்கள் யாரும் படிக்காமல் விட்ட அந்த எறும்பு எழுத்து இரண்டு வரியையும், மண்டபத்திலிருந்து தெருவுக்கும் தெருவிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கும் அலை அலையாகப் போகும்படி சொன்னார்கள்:

"தாங்கள் தரும் விவரங்கள் எங்களிடம் பத்திரமாக இருக்கும். இதற்கு நானே பொறுப்பு. இப்படிக்கு, பொன்னுத்துரை, உரிமையாளர், மங்களம் ஜவுளி மாளிகை."

சொல்லி முடித்ததும் உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்போது எழுதும்போதும் அப்படித்தான்.

அண்ணாச்சி மைக்கைக் கீழே இறக்கினார். அந்த வரியை ஆடி மாதம் ஒரு மத்தியானம் அவர் சொல்லச் சொல்லத் தமயந்தி தட்டியிருக்கிறாள். அப்படிப் போட்டால் ஒரு மரியாதையாக இருக்கும் என்று அவரே சொல்லியிருக்கிறார். "நான்தான் சொன்னேன்" என்றார். "பிள்ளை ரெண்டு தடவ கேட்டா. அதுவும் நெசந்தான்." பையிலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்து, கிழித்ததைக் கீழே போடாமல் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊர் நின்று பார்க்கவில்லை, ஓடியது. அப்போதே கடையைத் திறந்தார்கள். பாஸ்வேர்டை இந்த நிமிஷமே மாற்றிவிடு என்றார் அண்ணாச்சி. ஞாயிற்றுக்கிழமை, அஷ்டமி வேறு, நாலரை தாண்டி ராகு காலமும் ஆரம்பித்திருந்தது, யாரோ ஞாபகப்படுத்தினார்கள், அண்ணாச்சி அந்த ஆளை முறைத்தார். தமயந்தி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விரலை வைத்ததும், எல்லோரும் திரும்புங்கள் என்று சொல்லி முதலில் அவரே திரும்பி நின்றார். கடைக்குள் இருந்தவர்கள் திரும்பினோம், வாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள், தெரு முழுக்க அசலும் கூப்பனுமாக, இன்ஸ்பெக்டர் உட்பட, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றோம். ஒரு ஊரே ஒரு பெண்ணின் பத்து விரலைப் பார்க்காமல் நின்ற அந்த ஒரு நிமிஷத்தில், விசைகளின் சத்தம் மட்டும் டக் டக் என்று கேட்டது, எனக்கு விசில் அடிக்கலாம்போல இருந்தது.

போனது திரும்பாது என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர் சொல்லிவிட்டார். கடையில் உள்ளதை அழிக்கலாம், திருடனிடம் உள்ளதை அழிக்க முடியாது, அதனால் கூப்பன்காரர்களும் போகவில்லை. பத்திரமாக இருக்கும் என்று சொன்னவர் பத்திரமாக வைத்துக்கொள்ளத்தான் வேண்டும். அண்ணாச்சி தன் கல்யாண மண்டபத்தையும் பழைய குடோனையும் அவர்களுக்குத் திறந்துவிட்டு, தினமும் மத்தியானம் நாலாயிரத்துச் சொச்சம் இலை போட்டார், சாம்பார் வாளியை அவரே தூக்கினார். யார் கேட்டாலும் முதலில் அண்ணாச்சியைக் கேட்கணும் என்று சொல்லுங்கள் என அவர்களுக்குக் காலை எழுந்ததும் சொல்லிக்கொடுப்பார், மறுநாள் மறந்திருப்பார்கள், மறுபடி சொல்லிக்கொடுப்பார். எழிலரசி போன் எண்ணை மாற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போக ஆரம்பித்தாள். முதல் நாள் அவளைப் பஸ் ஏற்றிவிட அண்ணாச்சி குடை பிடித்துக்கொண்டு வந்து நின்றார், அவள் அவரோடு பேசவில்லை.

கடையில் இருந்த பெயர்களை, ஒவ்வொருவரையும் நேரில் கேட்டு, தமயந்தி ஒவ்வொன்றாக அழித்தாள். மார்கழி முழுக்க ஆனது. கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியபோது அக்காவைக் கடைக்குக் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினாள். நான் வேட்டி எடுக்கப் போயிருந்தேன், அதனால் பார்த்தேன்.

"உன்னைக் கேக்காம எழுதிட்டேன்க்கா. அழிச்சிரவா?"

மரகதம் திரையை உற்றுப் பார்த்தாள். அன்று காலையும் தமயந்தி வழக்கம்போல, நான் உன் தங்கச்சி என்பதில் ஆரம்பித்து எல்லாவற்றையும் அவளுக்குச் சொல்லியிருந்தாள்.

"வயசை அடிச்சுத் திருத்தினது யாரு?"

"நான்தான்."

"நல்லாத்தான் இருக்கு, முப்பத்துமூணு" என்றாள் மரகதம். "இங்க அழிச்சிரு. நீ ஞாபகம் வச்சுக்கோ."

தமயந்தி அழித்தாள். அழுதாள் என்பதை நான் பார்க்காததுபோல வேட்டியைப் பிரித்துக் கரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஆடியும் வந்தது. அண்ணாச்சியின் புதுக் கூப்பனில் ஒரு எண் மட்டும்தான் இருந்தது, வேறு எதுவும் கேட்கவில்லை. கூப்பனைக் கிழித்துப் பாதியை நாங்கள் வைத்துக்கொண்டோம். அந்த மாதம் ஓட்டர் பட்டியல் சரிபார்க்க வந்த டீச்சர் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி, யார் அசல், யார் கூப்பன் என்று குழம்பி, கடைசியில் எல்லோரிடமும் வயதைக் கேட்டுக்கொண்டு போனார். என்னுடையவர் நாற்பத்தெட்டு என்றார், ஐந்தாம் வீட்டுக்காரருடையவர் போன வருஷத்து வயதையே சொன்னார், எல்லாக் கூப்பன்காரர்களும் அப்படித்தான், எழுதிக்கொடுத்த வயதிலேயே நின்றார்கள். எதிர்வீட்டு ஊஞ்சலில் தங்கையோடு உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்த மரகதத்திடமும் டீச்சர் கேட்டார். அவள் நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, முப்பத்துநாலு என்றாள்.